மாசானமுத்துவின் மீசையும் மொட்டப்பாறை ஏரியலும்

மொட்டப்பாறைக்கு மழையாவது ஐப்பசியில் எட்டிப் பார்க்கும். புத்தி அந்த ஊர்ப் பக்கம் பஸ் ஏறியதே இல்லை. அப்பேர்ப்பட்ட ஊரில் மூன்று பேர் சேர்ந்து வானொலிக் கழகம் நடத்தினார்கள். லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். கொடுத்தவரே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

தலைவர் பலவேசம். பொருளாளர் பூவலிங்கம். செயலாளர் மாசானமுத்து, அவர் முகத்தில் மீசையைக் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம் மூக்குதான். அந்த மீசையைத்தான் அவர் ஒரு கல்யாணப் பந்தியில் பந்தயம் கட்டிவிட்டு வந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் உறிஞ்சிய ஆனைக்குறிச்சி தங்கப்பழமும் வானொலிக்காரர். "மேல் அலைவரிசையில எந்தக் கோட்டிக்காரனும் பேசிருவான்வே. தாழ்ந்த அலைவரிசையில பேசணும், அதுக்குத்தான் தெறமை வேணும். ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு நான் கூப்பிடுவேன். மைக்குல ஒத்த வார்த்தை பதில் சொல்லும், என் மீசைய எடுக்கேன். சொல்லலேன்னா உம்ம மீசை."

"சரிவே!" என்றார் மாசானமுத்து. வாய் முந்திக்கொண்டது. மீசையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டவுன் ரேடியோக் கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "இதுக்கு ஏரியல் ரெண்டு விதம் அண்ணாச்சி. ஒண்ணு கம்பம், இன்னொண்ணு கம்பி வளையம். கம்பம்னா செங்குத்தா நிக்கணும், அடிமண் ஈரமா இருக்கணும். வளையம்னா இரைச்சல் அடங்குற வரைக்கும் திருப்பணும். அடங்குனா அப்பிடியே விட்டுரணும்."

கழகம் கூடியது.

"கம்பந்தான்" என்றார் பலவேசம்.

"தாழ்ந்த அலைன்னா தரையோட தரையாத்தானவே வரும்? கம்பத்த ஒசரமா நட்டா, நுனி சும்மா வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குமே!" என்றார் பூவலிங்கம்.

பலவேசம் கண்ணை மூடி ஆழ்ந்து சிந்தித்தார். "அலை அடியில மோதி மேல ஏறும்வே. அணில் பனையில ஏறல?"

இரண்டு பேர் பேச்சுமே மாசானமுத்துவுக்கு வேதவாக்காகத்தான் பட்டது. தலைவர் சொன்னது என்பதால் அணில் ஜெயித்தது.

கம்பம் நட்டார்கள். அடிமண் ஈரமாக இருக்க வேண்டுமே! குடம் குடமாக ஊற்றினார்கள். கம்பம் லேசாகச் சாய்ந்தது.

"செங்குத்தா இல்லியே?" என்றார் மாசானமுத்து, மீசையைத் தடவிக்கொண்டே.

"ஈரம் பத்தல" என்றார் பலவேசம்.

இன்னும் ஊற்றினார்கள். இன்னும் சாய்ந்தது. மாசானமுத்து தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, "இப்பிடிப் பாத்தா நேராத்தான் இருக்கு!" என்று கண்டுபிடித்தார். மற்ற இருவரும் தலையைச் சாய்த்தார்கள். கம்பம் செங்குத்து என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் கம்பம் கழக உறுப்பினர் இல்லை. தீர்மானம் அதைக் கட்டுப்படுத்தாது. ஞாயிறு மத்தியானம் அது தலைவரின் கோழிக்கூட்டின் மேல் படுத்துக்கொண்டது.

"நான் அப்பவே சொன்னேம்லா?" என்று பூவலிங்கம் கட்டில் சட்டத்தில் கம்பியைச் சுற்றி வளையம் செய்து வந்தார். திருப்ப ஆரம்பித்தார்கள்.

"கெழக்க திருப்பும்வே!"

"மேக்க!"

"உம்ம மூஞ்சியத் திருப்பும்!"

"இரைச்சல் அடங்கலியே, இன்னும் திருப்புங்க!" என்று அலறினார் மாசானமுத்து. ரேடியோ முதல் சுற்றிலேயே சுத்தமாக அடங்கிவிட்டது. இரைச்சல் முழுக்க இந்த மூன்று பேர் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க மூவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். ஆகா, அமைதி!

"அடங்கிட்டுவே!" என்று மாசானமுத்து குதித்தார்.

"போச்சு! திரும்ப வந்துட்டு!" என்று மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி திருப்பினார்கள். அடுத்த முறை அடங்கியதும் உஷாராக வளையத்தைக் கயிறு போட்டுக் கட்டி, வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மணி ஆறு. "மொட்டப்பாறை, மொட்டப்பாறை! ஆனைக்குறிச்சி கூப்பிடுது. கேக்கா? ஓவர்."

காதுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் அத்தனை தெளிவு. மாசானமுத்துவின் மீசை ஆனந்தத்தில் துடித்தது. மைக்கை எடுத்தார். வாயைத் திறந்தார். பலவேசம் பாய்ந்து அந்த வாயைப் பொத்தினார். பூவலிங்கம் வளையத்தைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டார். அட, ஆமாம்! பேசினால் இரைச்சல் வந்துவிடுமே. கெட்டது குடி என்று மாசானமுத்துவுக்கு வியர்த்தது.

"கடைசித் தடவ கேக்கேன். ஒத்த வார்த்தை போதும்வே!"

மாசானமுத்துவின் கண் கலங்கியது. அப்போதுதான் அவர் தலைக்குள் ஏதோ மின்னித் தொலைத்தது. ஓடிப்போய் ஒரு சிலேட்டை எடுத்து வந்து, 'கேக்கு' என்று எழுதி வளையத்துக்கு முன்னால் பிடித்தார். பதில் இல்லை. பலவேசம் பிடுங்கி இன்னும் பெரிய எழுத்தில் எழுதினார். பூவலிங்கம் டார்ச் அடித்தார்.

"ஒரு சத்தத்தையும் காணோம். சலூன்காரரோட வாறேன்!" என்றது ரேடியோ.

வந்தும்விட்டார்கள். மூன்று பேரும் வளையத்தின் முன்னால் சிலேட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். சலூன்காரர் நுரையைப் பூசி, கத்தியை மீசையில் வைத்தார். மாசானமுத்து சைகையால் அவரை நிறுத்தி, சிலேட்டை அழித்து அவசரமாக எழுதிக் காட்டினார்:

'சத்தம் வராம செரையும். வளையம் இப்பத்தான் சரியா நிக்கி.'