நிமிர்ந்து நின்ற பனி

டொரொன்டோவில் இடுப்பளவு பனி கொட்டிய ஒரு காலையில், குடியிருப்புச் சங்கத் தலைவர் சிவகடாட்சம் துப்புரவு வேலை பார்க்கும் யோகமலரிடம் உறுமினார்.

"பத்து மணிக்குள்ள வாசல் துப்புரவாயிருக்க வேணும். அள்ளுற பனியை ரோட்டிலயோ புல்லிலயோ குவிச்சால் உமக்கு இஞ்ச வேலையில்லை!"

யோகமலர் ஓடிப்போய்க் கதவு கதவாகத் தட்டினாள். மூன்று மாடிச் சனமும் சட்டி, வாளியோடு இறங்கிக் கும்மாளமாக வேலையை முடித்தது.

தலைவர் வந்தபோது வாசல் பளிச்சென்றிருந்தது. புல்லில் தொப்பை தள்ளிய பனிமனிதன் ஒருவன் இடுப்பில் கையூன்றி நின்றான்.

"குவிக்க வேண்டாமெண்டு சொன்னனான்!"

"குவிக்கேல்லை ஐயா. அவர் நிக்கிறார்" என்றாள் யோகமலர்.

"என்னைப் போலச் செய்து நக்கலடிக்கிறியளோ?"

"ஐயோ, நாங்கள் இன்னும் பேரே வைக்கேல்லை. நீங்களே வைச்சிட்டியள்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. யோகமலரின் வேலை போகவில்லை. பனி உருகும்வரை, அவ்வழியால் போன எல்லாரும் பனிமனிதனுக்குத்தான் "வணக்கம் தலைவர்!" சொன்னார்கள்.