சேண ரூமுக்குள்ள பூசணக்கிழவி

மேகம் வாசப்படி வரைக்கும் வந்து உக்காந்துட்டுப் போற ஒரு மலை ஊர்ல, ஒரு குதிரைக்காரி இருந்தா. பேரு சலேத்து. காலை நீட்டிப் படு. நான் சொல்லச் சொல்ல "ம்" கொட்டிக்கிட்டே வரணும். கொட்டலேன்னா கதை அங்கேயே நின்னுடும். எனக்கு அடுப்படில வேலை கிடக்கு.

ம்.

சலேத்துக்குப் புருஷன் இல்ல. அவன் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆச்சு. அவன் விட்டுட்டுப் போனது ஒரு பொட்டைக் குதிரை, அது முதுகுல போட ஒரு சேணம், அந்தச் சேணத்தை வைக்க லாயத்தை ஒட்டினாப்ல ஒரு சின்ன ரூமு. குதிரை பேரு சீனி. ஊர்சுத்த வந்தவங்களை ஏத்திக்கிட்டு ஏரியைச் சுத்தி டக்கு டக்கு டக்குன்னு நடக்கும். அது நடந்தாத்தான் அவளுக்குச் சோறு, அதுக்குக் கொள்ளு.

போன வருஷம் என்ன ஆச்சு, ஒரு புது மாப்பிள்ளை வந்தான். கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டு, சீனி மேல ஏறி, போட்டோவுக்கு ராஜா மாதிரி உக்காந்தான். அப்போ குதிரை வயித்தைச் சுத்திக் கட்டியிருந்த தோல் வாரு... படக்! சேணம் ஒரு சுத்து சுத்துச்சு. மாப்பிள்ளை பொத்துன்னு சேத்துல. புதுப் பொண்டாட்டி சிரிச்சா பாரு, அவளை நிறுத்தவே முடியல. ஆனா சலேத்து சிரிக்கல. வாரை எடுத்துப் பாத்தா, உள்பக்கம் பூரா வெள்ளையும் பச்சையுமா பூசணம். தொட்டா ஊறின ரொட்டி மாதிரி பிஞ்சு வருது.

ம்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. ஆயுதபூஜை லீவுக்குக் கூட்டம் வர்றதுக்கு முந்தி, எல்லாக் குதிரையோட வயித்து வாரையும் ஏரிக்கரையில ஒரு மரக்கிளையில போட்டு, குதிரைக்காரங்க தலைவர் மதலைமுத்து அதைப் பிடிச்சுத் தொங்குவாரு. அவரு ஒரு பீரோ அளவு இருப்பாரு. பொட்டியில பூட்டி வச்ச புது வாரைக் கொண்டு வந்து ஏமாத்த முடியாது, அந்த வருஷத்து மழை பாத்த வாரா இருக்கணும். அறுந்துச்சுன்னா அந்தக் குதிரை அந்த வருஷம் ஏரிக்கரையில நிக்கக் கூடாது.

மதலைமுத்து சலேத்து வீட்டுக்கே வந்துட்டாரு.

"செத்துப்போன உன் புருஷன் முகத்துக்காகப் போன வருஷம் உன் வாருல தொங்கிப் பாக்காம விட்டேன். தப்பு என்னுது. இந்த வருஷம் விட மாட்டேன். அறுந்துச்சுன்னா சீனியைக் கீழ பழனியில இருக்கிற குதிரைவண்டிக்காரனுக்குக் குடுத்துரு. கேட்டுக்கிட்டே இருக்கான்."

"வண்டியிலயா? அந்த வெயில்லயா? மேகத்துல பொறந்ததுண்ணே அது!"

"அப்போ வாரைக் காப்பாத்து."

"காப்பாத்துறேன்."

"எப்படிக் காப்பாத்துவ?"

"அது தெரியல. ஆனா காப்பாத்துறேன்."

மதலைமுத்து மூக்கால ஒரு சத்தம் விட்டுட்டுப் போனாரு. அப்புறம் சலேத்து பஜாருக்குப் போயி ஒரு நல்ல தோலா வாங்கி, அதுல மூணு வாரு வெட்டினா. மூணே மூணு. ஒண்ணைச் சேணத்துல மாட்டினா, ரெண்டைப் பொட்டியில வச்சா.

ஏன் எல்லாத்தையும் பொட்டியிலயே வைக்கலேன்னு கேக்குறியா? கதை கேட்டியா இல்ல கூரையைப் பாத்துக்கிட்டிருந்தியா? மழை பாத்த வாருதான் செல்லும்னு இப்பத்தானே சொன்னேன்.

ம்.

அப்போ மழை ஆரம்பிச்சுது. சோ... சோன்னு நாலு நாள். மழை விடுற நேரத்துல ரெண்டு சவாரி, திரும்ப மழை. ஒரு மத்தியானம் சலேத்து சேண ரூமுக் கதவைத் திறந்தா, சேணத்து மேல ஒரு கிழவி சம்மணம் போட்டு உக்காந்திருக்கா! நரைச்ச முடி, அதுல பச்சை பச்சையா திட்டு. வாயைத் திறந்தா ஊறப்போட்டு மறந்த துணி நாத்தம்.

"யாரு நீ?"

"புஸ்ஸு... புஸ்ஸு... நான்தான் பூசணக்கிழவி. என் வீட்டுக்குள்ள வந்து என்னையே யாருன்னு கேக்குற?"

"உன் வீடா? இறங்கு கீழ!"

"இறக்கிப் பாரு."

சலேத்து யோசிச்சா. ஈரத்துக்கு எதிரி யாரு? நெருப்பு. ஒரு சட்டி நிறையக் கரியை அள்ளிப் போட்டு மூட்டி, ரூமுக்குள்ள வச்சு, கதவை இறுக்கிச் சாத்திட்டா. மூணு நாள் மூட்டம் போட்டா. கிழவி சட்டிக்குப் பக்கத்துல வந்து கையைக் காய்ச்சிக்கிட்டு உக்காந்தா. "ஆகா, கதகதன்னு இருக்குடி. இன்னும் ரெண்டு கரி போடு!" கரி அணைஞ்சதும் குளிர்ந்த சுவரெல்லாம் வேர்த்து வழிஞ்சுது. வாரு என்ன ஆச்சுங்குற? ஒரு பக்கம் அப்பளம் மாதிரி காஞ்சு, வளைச்சதும் பட்டு பட்டுன்னு வெடிச்சுது. வெடிச்ச சந்துக்குள்ளயும் பூசணம்.

ஒரு வாரு போச்சு.

ம்.

ரெண்டாவது வாரை எடுத்தா. தண்ணிக்கு ஒட்டாதது எது? எண்ணெய். விளக்கெண்ணெயை ஊத்து ஊத்துன்னு ஊத்தி, வாரு, சேணம், கடிவாளம் எல்லாத்துலயும் வழிய வழியத் தேய்ச்சா. அதோட விட்டாளா? கட்டில் வாங்கினப்போ சுத்தி வந்த பிளாஸ்டிக் சீட்டைக் கொண்டு வந்து, பொட்டலம் மாதிரி இறுக்கிக் கட்டினா. இனிமே எப்படி நுழையுறான்னு பாக்குறேன்னு சொல்லிட்டு, சவாரியே இல்லாத அடைமழையில நிம்மதியா வீட்டுல படுத்துட்டா.

பத்து நாள் கழிச்சுப் பிரிச்சா, கிழவி உள்ளதான் இருக்கா. கன்னமெல்லாம் உப்பிப் போயி, எண்ணெயை நக்கிக்கிட்டு!

"எண்ணெய்ச் சாப்பாடு, பிளாஸ்டிக் போர்வை! என் ஆத்தா வீட்டுல கூட இந்த மரியாதை கிடைக்கலடி. நல்லா இருப்ப நீ."

வாரு கொழகொழன்னு இருந்துச்சு. ரெண்டு கையால இழுத்தா சவ்வா நீண்டு, பிச்சுன்னு வந்துடுச்சு.

இப்போ மிச்சம் ஒரே ஒரு வாரு. அதுவும் போச்சுன்னா சீனி பழனிக்கு. சலேத்து அழுதான்னு நினைக்கிறியா? அழல. அழுதா அந்த ரூமுல இன்னும் கொஞ்சம் ஈரம் சேரும், அவ்வளவுதான். ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு, விடிஞ்சதுல இருந்து அந்த ரூமுக்குள்ளயே உக்காந்துட்டா. இந்தக் கிழவிக்கு யாரு தண்ணி ஊத்துறாங்கன்னு பாக்காம எழுந்திருக்கிறதில்லேன்னு.

தூங்கிட்டியா?

ம்ம்.

அப்புறம் பாத்தா... ரூமுக்கும் லாயத்துக்கும் நடுவுல ஒரு ஜன்னல். மாமனார் காலத்துல வச்சது. அந்த ஊர்ல எல்லாக் குதிரைக்காரன் வீட்டுலயும் உண்டு. மூச்சு ஜன்னலும்பாங்க. குதிரை விடுற மூச்சுல சேணம் குளிராம இருக்குமாம். அப்போ அந்தப் பக்கம் சீனி ப்ர்ர்ர்ருன்னு ஒரு மூச்சு விட்டுச்சு. கொதிக்கிற இட்லிப் பானையைத் திறந்தாப்ல ஆவி ஜன்னல் வழியா உள்ள வந்துச்சு. நேரா போயி குளிர்ந்த சுவத்துல மோதுச்சு. அங்க முத்து முத்தா தண்ணி. சொட்டு... சொட்டு... சொட்டு. அடியில சேணம். கிழவி வாயைத் திறந்து வச்சிருக்கா!

சலேத்து சேணத்தைத் தூக்கினா. அதுக்கு அடியில குதிரை முதுகுல போடுற கம்பளி, கடைசிச் சவாரியில நனைஞ்ச வேர்வையோட, சொதசொதன்னு. சூட்டோட சூடா ரெண்டையும் சேத்தே கழட்டி அப்படியே அடுக்கு, அப்பத்தான் தோல் இளகி இருக்கும்னு புருஷன் சொல்லிக் குடுத்தது. ஏழு வருஷமா அவளும் அதையே செஞ்சுக்கிட்டிருந்தா.

"அடிப்பாவி, உனக்குத் தினமும் சோறு போட்டதே நான்தானா?"

"பின்ன? ஒரு வேளை கூடத் தவறினதில்ல நீ. புஸ்ஸு... புஸ்ஸு..."

"இன்னிக்கோட நிறுத்தியாச்சு."

போனா. கடப்பாரையை எடுத்துட்டு வந்தா. மூச்சு ஜன்னலைக் கல்லும் மண்ணும் வச்சு அடைச்சா. அப்புறம் வெளிச் சுவத்துல, தரைக்கு ஒரு சாண் மேல, ணங்கு ணங்கு ணங்குன்னு ஒரு ஓட்டை. எதிர்ச் சுவத்துல, கூரைக்குக் கீழ, இன்னொரு ஓட்டை. சத்தம் கேட்டு மதலைமுத்து ஓடி வந்தாரு.

"ஏய் சலேத்து, பைத்தியம் புடிச்சிருக்கா? மூச்சு ஜன்னலை அடைச்சுட்டு மழைக்காலத்துல சுவத்தை உடைக்கிற? மேகம் உள்ள வராதா?"

"வரும்ண்ணே. கீழ ஓட்டையில வந்தது மேல ஓட்டை வழியா போயிடும். நாமதான் கதவைச் சாத்தி, உள்ள வந்ததை விருந்தாளி மாதிரி தங்க வச்சோம்."

"சேணம் குளிருமே!"

"குளிரட்டும். அது என்ன கைப்புள்ளையா? குதிரை மூச்சு குதிரையோட இருக்கட்டும். சேணத்துக்குக் காத்து போதும்."

"எங்க தாத்தா காலத்துல இருந்து..."

"உங்க தாத்தா சேணமும் நாறிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். நகருங்க, கல்லு தெறிக்குது."

அப்படியே சொன்னா! எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

ம்.

ஓட்டைக்கு எலி வராம கம்பி வலை அடிச்சா. சுவருக்குச் சுண்ணாம்பு பூசினா, சளக்கு சளக்குன்னு. வெளியில சுவரை ஒட்டிக் குவிஞ்சு கிடந்த மண்ணையும் சாணியையும் வெட்டித் தள்ளி, மழைத்தண்ணி ஓட ஒரு வாய்க்கா இழுத்தா. நாலு சவுக்குக் கட்டையை வச்சு ஒரு குதிரை மாதிரியே ஸ்டாண்டு அடிச்சு, ரூமுக்கு நடுவுல, எந்தச் சுவரும் தொடாம நிறுத்தினா. சேணத்துல இருந்த பழைய பூசணத்தை வெளியில கொண்டு போயி, புளிச்ச காடித் தண்ணியில துணியை முக்கித் துடைச்சு, நிழல்ல காயப் போட்டா. அப்புறம் மூணாவது வாரை மாட்டினா.

அன்னியில இருந்து சவாரி முடிஞ்சு வந்ததும், பசிச்சாலும் சரி, நனைஞ்சு நடுங்கினாலும் சரி, முதல்ல கம்பளியைத் தனியா உருவி வீட்டு அடுப்புக்கு எதிர்ல கொடியில போடுவா. வாருல இருக்கிற வேர்வையையும் சேத்தையும் துடைப்பா. வாரு தானாக் காயும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மட்டும் எண்ணெய், அதுவும் விரல் நுனியில தொட்டு. ஒரு நாள் காய்ச்சல் வந்து தலை தூக்க முடியல. தூக்கினா. துடைச்சா. படுத்தா.

கிழவி முதல் வாரம் சிரிச்சா. ரெண்டாவது வாரம் இருமினா. மூணாவது வாரம் கருவாடு மாதிரி வத்திப் போயி, எழுந்து சீலையை உதறினா.

"இந்தக் காத்துல மனுஷி இருப்பாளா? நான் போறேன். மதலைமுத்து வீட்டுல மூச்சு ஜன்னல் பெருசாம்."

"வழி தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும்." புஸ்ஸு புஸ்ஸுன்னு போயிட்டா.

ம்... ம்.

புரட்டாசி வந்துச்சு, வாரு பாக்குற நாளும் வந்துச்சு. ஏரிக்கரையில எல்லாரும் கூடிட்டாங்க. பழனி வண்டிக்காரனும் கையில ஒரு கயிறோட வந்து ஓரமா நிக்கிறான். சலேத்து அந்தக் கயிறைப் பாத்தா. ஆனா முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு, வாரைக் கழட்டிக் குடுத்தா. மதலைமுத்து அதை முகர்ந்து பாத்தாரு. வளைச்சுப் பாத்தாரு. கிளையில போட்டு, கையில ரெண்டு சுத்து சுத்தி, காலைத் தூக்கிட்டாரு.

கிர்ர்ர்...

சலேத்து மூச்சு விடல.

கிர்ர்ர்ர்ர்... கிர்ர்ர்...

மடார்!

பீரோ கீழ விழுந்துச்சு. சேறு நாலு பக்கமும் தெறிச்சுது. எல்லாரும் "அய்யய்யோ!" வண்டிக்காரன் கயிறைப் பிரிச்சுக்கிட்டு சீனிகிட்ட வந்துட்டான். "நில்லுடா!"ன்னு சலேத்து ஓடிப்போயி, சேத்துக்குள்ள கையை விட்டு வாரை இழுத்தா. இழுத்தா, மரக்கிளையும் சேர்ந்து வருது! அறுந்தது வாரு இல்ல, ஒடிஞ்சது கிளை. வாரு முழுசா, கீறல் இல்லாம, கிளையைச் சுத்திக் கிடக்குது.

மதலைமுத்து சேத்துலயே உக்காந்தபடி வாரை வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு:

"வாரு பாஸு. மரம் பெயிலு."

வண்டிக்காரன் கயிறைச் சுருட்டினான். சலேத்து அதுக்கப்புறம்தான் அழுதா, சீனி கழுத்தைக் கட்டிக்கிட்டு, வெட்கமே இல்லாம. அன்னிக்கு முதல் சவாரி சீனிக்குத்தான். டக்கு டக்கு டக்கு.

ம்...

சாயங்காலம் அவ கம்பளியை உருவிக்கிட்டு இருக்கிறப்போ மதலைமுத்து வாசல்ல வந்து நின்னாரு. தலையைச் சொறிஞ்சாரு. வானத்தைப் பாத்தாரு.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல... என் ரூமுல திடீர்னு ஒரே நாத்தம். அந்த ஓட்டை... தரையில இருந்து எவ்வளவு உசரம்னு சொன்ன?"

"ஒரு சாண்ணே. கடப்பாரை மூலையில இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

அவ்வளவுதான் கதை, குதிரை லாயத்துக்குப் போயிடுச்சு. கண்ணை மூடு... இரு, இரு. கால் மாட்டுல என்ன சில்லுனு? குளிச்ச ஈரத் துண்டை யாரு மெத்தையில போட்டது? எழுந்திரு. இவ்வளவு நேரம் யாருக்குக் கதை சொன்னேன் நான்? போயி கொடியில விரிச்சுப் போட்டுட்டு வந்து படு.

போட்டாச்சா? ம். இப்போ தூங்கு.