பாய் போர்த்திய படகுகள்

நெருங்கி உட்காருங்கள். இது பெருமையாகச் சொல்கிற கதை அல்ல, சலித்துக்கொண்டு சொல்கிற கதை. ஆனாலும் கேட்டுவையுங்கள்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே, யாருக்கும் இப்போது பெயர் நினைவில்லாத ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட ராஜா நல்லவர்தான். ஆனால் வெகு தூரத்தில் இருந்தார். தூரத்தில் இருக்கிற ராஜாவைப் பற்றி ஜனங்கள் மூன்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். அவருக்குக் கண் தெரியாது, காது கேட்காது, ஞாபகமும் இருக்காது.

அந்த ராஜ்யத்தின் குறுக்கே ஓர் ஆறு ஓடியது. பார்க்கப் பரம சாது. ஆனால் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கரும்பாறைகள் பதுங்கிக் கிடந்தன. ஒவ்வொரு வெள்ளமும் மணலைப் புரட்டி வழியை மாற்றிப் போட்டுவிடும். போன வருடம் படகு போன இடத்தில் இந்த வருடம் மேடு இருக்கும்.

ஆகவே, வெள்ளம் வடிந்ததும் ஆழம் பார்த்து, இரண்டு வரிசையாக மூங்கில் கோல்களை நட்டுவைப்பார்கள். அவற்றுக்கு வழிக்கோல் என்று பெயர். கோல்களுக்கு நடுவே போனால் அக்கரை சேரலாம். விலகிப் போனால் எங்கே சேரலாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோல் நடுகிறவர்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று வேலை செய்பவர்கள். அவர்களும் சாப்பிட வேண்டும் அல்லவா? அதற்காக ராஜா ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு படகுக்கும் வருடத்துக்கு ஒரு மூட்டை நெல். நெல்லைத் துறை அதிகாரியிடம் கொடுத்தால், எண்ணெயில் குழைத்த காவியால் படகின் முகப்பில் ஒரு செம்பட்டை தீட்டிவிடுவார்கள். அதுதான் அனுமதி.

துறைக்கு வருகிற அதிகாரிகள் அடிக்கடி மாறுவார்கள். ஆகவே யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பதற்கு அந்தப் பட்டை ஒன்றே சாட்சி. பட்டை இல்லாத படகு பிடிபட்டால், நடுவே ரம்பம் வைத்து அறுத்து இரண்டு துண்டாக்கிவிடுவார்கள். ஒரு மூட்டை நெல்லுக்கு ஒரு முழுப் படகு! சட்டம் எழுதியவர் வாழ்நாளில் ஒரு படகுகூடச் செய்து பார்த்ததில்லை போலும்.

கொன்றைத்துறை என்ற இடத்தில் நான்கு படகுகள் இருந்தன. ஒன்று சேந்தனுடையது. இன்னொன்று காரியுடையது, ஊரிலேயே நீளமான நாக்கு அவனுக்குத்தான். மூன்றாவது சாத்தனுடையது, அவர் அதிகம் பேசமாட்டார், அடுத்தவர் செய்வதைப் பார்த்துச் செய்வார். நான்காவது பூவாயி என்ற விதவையுடையது. புருஷன் விட்டுப்போன ஓட்டைப் படகை அடைத்து அடைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் வெள்ளம் வடிந்ததும் முதல் ஆளாக நெல் கட்டியவன் சேந்தன். முகப்பில் பட்டை பளபளக்கத் துறைக்கு வந்தான்.

காரி விடுவானா? படித்துறையில் கூட்டம் நிற்கும்போது கத்தினான்.

"எல்லாரும் எழுந்திரிங்கப்பா! ராஜாவோட மருமகன் பொட்டு வெச்சுக்கிட்டு வந்துட்டாரு! என்ன மச்சான், அரண்மனையில வாழை இலை போட்டாங்களா?"

கூட்டம் சிரித்தது. சேந்தனும் சிரித்துவைத்தான். ஆனால் மறுநாளும் அதே பேச்சு, அதற்கு மறுநாளும் அதே பேச்சு. நான்காம் நாள் சேந்தன் ஒரு கோரைப்பாயைக் கொண்டுவந்து முகப்பின் மேல் தொங்கவிட்டான். யாராவது கேட்டால், "வெயில்ல மரம் வெடிக்குது" என்றான்.

காரி தன் முகப்பிலும் ஒரு பாயைத் தொங்கவிட்டான். அவனிடம் மறைக்கப் பட்டையே இல்லை, அதை மறைக்கத்தான். அடுத்து சாத்தன் படகில் ஒரு பாய். அடுத்து பூவாயி படகில் ஒரு பாய். நான்கு படகுகளும் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன.

புதிதாக வந்த அதிகாரிக்கு முழங்கால் வலி. படித்துறை உச்சியில் நாற்காலி போட்டு உட்கார்வாரே தவிர, ஒரு படி இறங்கமாட்டார். மேலிருந்து பார்த்தால் பாய்தான் தெரியும்.

சேந்தனுக்கு வயிறு எரிந்தது. 'நான் ஒருவன் கட்டிய நெல்லில் நான்கு படகு போகிறது' என்று நினைத்தான். அதை யாரிடம் சொன்னான்? மனைவி நாச்சியிடம் சொன்னான். துடுப்பிடம் சொன்னான். மீன் தின்ன வந்த கொக்கிடம் சொன்னான். சொல்ல வேண்டியவர்களைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொன்னான்.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல், அதிகாரியிடம் சொல்லிவிடுவது என்று படியேறினான். பாதிப் படியில் காரியின் புதுத் துடுப்பு நினைவுக்கு வந்தது. வழவழவென்று, பித்தளைப் பூண் போட்ட துடுப்பு. 'எனக்கு வலிப்பது ராஜாவின் நெல்லா, அந்தப் பூணா?' என்று தன்னையே கேட்டான். நேர்மையான பதில் வந்தது. திரும்பி இறங்கிவிட்டான்.

இன்னொரு நாள் மறுபடி ஏறினான். பாதிப் படியில் பூவாயியின் முகம் நினைவுக்கு வந்தது. 'பாவம், கஞ்சிக்கே வழியில்லாதவள், நெல்லுக்கு எங்கே போவாள்? அவள் படகை என் வாயாலா அறுக்க வேண்டும்? அவளை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் சொன்னால் அது என்ன நியாயம்?' பதில் கிடைக்கவில்லை. இறங்கிவிட்டான்.

இதற்குள் கோல் நடுகிறவர்கள் நடு ஆறு வரை நட்டுவிட்டு, கரையேறித் துணியைப் பிழிந்து கட்டிக்கொண்டார்கள்.

"ஏம்ப்பா, மீதி ஆறு?" என்று சேந்தன் கேட்டான்.

"நெல்லு தீந்துபோச்சு. ஆறு தீரல, நாங்க என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் துறை வேலைக்குப் போய்விட்டார்கள்.

பாதி ஆற்றுக்கு வழி இருந்தது. மறுபாதிக்கு அதிர்ஷ்டம்தான் வழி.

இப்போது கவனித்துக் கேளுங்கள். சேந்தனுக்கு அல்லி என்று ஒரே மகள். அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதல் பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்தாகிவிட்டது. அழைத்துவர வேண்டியது சேந்தன். வர வேண்டியது இந்த ஆற்றின் மேல்.

முதலில் வழி பார்த்து வரலாம் என்று வெறும் படகை எடுத்துக்கொண்டு போனான். நடு ஆறு தாண்டியதும் அடியில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். பாறை படகை உரசியது. பலகை உடையவில்லை. ஆனால் அந்தச் சத்தம் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெறும் படகு தப்பியது. பிள்ளைத்தாய்ச்சியோடு வரும் படகு தப்புமா?

வீட்டுக்கு வந்து மறுபடி ஆரம்பித்தான். காரி இப்படி, சாத்தன் அப்படி, காலம் கெட்டுப்போச்சு, ராஜாவுக்குக் கண்ணில்லை.

நாச்சி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்தாங்க, நிறுத்துங்க. என்கிட்டயே சொல்லிக்கிட்டிருக்கீங்களே, நானா படகு ஓட்டறேன்? அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவங்களுக்கே தெரியாதா?"

"எனக்கும்தான் தெரியும். எனக்கு மட்டும் தினம் சொல்றீங்களே!"

சேந்தன் கோபத்தோடு எழுந்தான். அவள் மேல் கோபம், ஏனென்றால் அவள் சொன்னது சரி. நேராகப் படித்துறைக்குப் போய், மூன்றாம் முறையாகப் படியேறினான். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது.

மேலே நாற்காலியில் இருந்த அதிகாரி முழங்காலைத் தடவிக்கொண்டே சத்தம் போட்டார். "ஏனப்பா, நானும் பார்க்கிறேன், வருவதும் பாதிப் படியில் நிற்பதுமாக இருக்கிறாய். ஒன்று மேலே வா, இல்லை கீழே போ. பார்க்கப் பார்க்க எனக்குக் கால் வலிக்கிறது!"

சேந்தன் கீழே போனான்.

உச்சிவேளை. ஆள் ஏறக் காத்துக்கொண்டு நான்கு படகும் நின்றன. காரி துடுப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான்.

"வா மச்சான். அரண்மனைக்குப் போற வழியில படி வழுக்குதா?"

சேந்தன் நேராகத் தன் படகுக்குப் போய், முகப்பிலிருந்த பாயைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தான். செம்பட்டை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"நான் கட்டிட்டேன்" என்றான். "கோல் பாதி ஆத்தோட நிக்குது. எம்பொண்ணு வயித்துப்பிள்ளையோட இந்த ஆத்தைத் தாண்டி வரணும். நீங்க யாரும் கட்டல. இதை உங்க மூஞ்சிக்கு நேரே சொல்லணும்னு வந்தேன். சொல்லிட்டேன்."



முதலில் வெடித்தது, அதிகம் பேசாத சாத்தன். "அட பாவி! கட்டிட்டு எதுக்குய்யா மூடி வெச்சே? உம் படகுல பாயைப் பாத்துத்தான் நான் கட்டல! கட்டின சேந்தனே வெக்கப்பட்டு மறைக்கிறான், நாம மட்டும் கட்டி எதுக்கு ஏச்சு வாங்கணும்னு, கட்ட எடுத்து வெச்ச மூட்டையைத் திரும்ப உள்ள வெச்சேன்!"



அப்போது பூவாயி எழுந்து போய், தன் படகின் பாயைத் தூக்கிக் காட்டினாள். அங்கே, ஓட்டை அடைத்த பலகைகளின் மேல், ஒரு செம்பட்டை.

"அக்கா! நீங்களா?"

"ஆமா தம்பி. போன அதிகாரி இருந்தப்பவே கட்டிட்டேன். 'கஞ்சிக்கு இல்லாதவளுக்கு அரண்மனைப் பொட்டு கேக்குதா'ன்னு இவன் பாடுவானேன்னு மூடி வெச்சேன்." காரியைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஓட்டைப் படகுக்காரிக்குத்தான்பா கோல் ரொம்ப வேணும்."

ஒரு மூட்டை நெல்லுக்கு நடு ஆறு வரை கோல் வராது என்பதை சேந்தன் ஒரு நாளும் யோசித்ததில்லை. கோபத்தில் இருப்பவனுக்குக் கணக்கு வராது. யாருக்காகப் பரிதாபப்பட்டு இறங்கினானோ, அவள் அவனுக்குச் சமமாகக் கட்டியிருந்தாள். யார் மேல் வயிறெரிந்தானோ, அவர்களில் ஒருவர் இவன் தொங்கவிட்ட பாயைப் பார்த்துக் கெட்டிருந்தார். வெட்கப்பட வேண்டியவர்கள் நிமிர்ந்து நிற்க, கட்டியவர்கள் வெட்கப்பட்டு மூடிக்கொண்ட துறை அது. என்ன சொல்ல!

சாத்தன் அன்று மாலையே மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார்.

காரி மட்டும் அசையவில்லை. "நான் கட்டமாட்டேன். போய்ச் சொல்லு. படகை அறுக்கட்டும். அந்தப் பாவம் உன்னையும் உம் பேரப்பிள்ளையையும் சேரட்டும்."

சேந்தனுக்குச் சுருக்கென்றது. ஆனால் இந்த முறை அவன் தலையைக் குனியவில்லை. "சொல்லத்தான் போறேன் மச்சான். ஆனா ஒளிஞ்சுபோய்ச் சொல்லமாட்டேன். நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் உன் கண்ணு முன்னாலயே படியேறுவேன்."

மறுநாள் பொழுது சாய்ந்தது. காரியின் படகில் பாய் அப்படியே தொங்கியது. சேந்தன் படியேறினான். பாதிப் படி வந்தது, நிற்கவில்லை. எத்தனையோ யோசனை வந்தது, நிற்கவில்லை. உச்சிக்கு இரண்டு படி இருக்கும்போது பின்னால் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான்.

காரி. முதுகில் நெல் மூட்டை. ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு.

"நில்லுடா, ராஜாவோட மருமகனே... உன் வாயில மண்ணு... உன் பொட்டுல இடி..."

சேந்தன் மூட்டையின் ஒரு முனையைப் பிடிக்கக் கை நீட்டினான்.

"தொடாதே!" என்றான் காரி.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கு என்னப்பா வேண்டும்?" என்று சேந்தனைக் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க" என்றான் சேந்தன். "இப்ப ஒண்ணுமில்லை."

கோல் நடுகிறவர்கள் திரும்பி வந்தார்கள். மறுபாதி ஆற்றிலும் கோல்கள் வரிசையாக நின்றன. குறித்த நாளில் சேந்தன் அக்கரை போய் மகளைப் படகில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். பாய் இல்லாத முகப்பில் செம்பட்டை துலங்கியது.

எதிரே காரி படகு வந்தது. மூட்டை சுமந்து படியேறிய அன்றிலிருந்து காரி சேந்தனோடு பேசுவதில்லை. அந்த வருடம் முழுக்கவும் பேசவில்லை. நல்லது செய்தால் எல்லாரும் நண்பர்களாகிவிடுவார்கள் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் படகு ஓட்டியதில்லை.

ஆனால் அருகே வந்ததும் காரி துடுப்பை நிறுத்தினான். சேந்தனைப் பார்க்காமல், அல்லியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

"அம்மாடி, அந்த வளைஞ்ச கோல் காத்துல சாஞ்சிருக்கு. அதை ஒட்டிப் போகவேண்டாம், கொஞ்சம் விலகி வரச் சொல்லு, உங்கப்பன்கிட்ட!"

சேந்தன் விலகி வந்தான். படகு உரசாமல் கரை சேர்ந்தது. அல்லி கால் நனையாமல் இறங்கினாள்.

கதை இங்கே கரையேறுகிறது. நீங்கள் கொண்டுபோக வேண்டியது இதுதான்: பிறர் குற்றத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாதவனுக்கு, அதை மேலிடத்தில் சொல்லவும் உரிமையில்லை, சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்து புலம்பவும் உரிமையில்லை.