கோட்டைத் தொட்ட பெருவிரல்

கபடி கோச் இசக்கியம்மாளுக்கு நுரையீரலைச் சுத்தியிருக்கிற சவ்வுல புற்றுநோய். ரொம்ப அபூர்வமா வர்ற வகைன்னு டாக்டர் சொன்னாரு.

"மாவட்டத்தைத் தாண்டி எதுலயும் நான் செலக்ட் ஆனதில்ல. இதுல ஆயிட்டேன்"ன்னாங்க கோச்.

நெஞ்சுக்குள்ள ரத்தம் கசிஞ்சு, மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தாங்க. விலாவுல ஒரு ட்யூப். கட்டிலுக்குக் கீழ ஒரு பாட்டில். ரத்தம் நின்னு நுரையீரல் விரிஞ்சாத்தான் அடுத்த வைத்தியம். இல்லேன்னா செய்யறதுக்கு ஒண்ணுமில்ல.

கூட இருந்து பாத்துக்கிட்டது பெல்சி. கோச்கிட்ட ஆடிப் பழகினவ, இப்ப போலீஸ் டீம் கேப்டன்.

மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு கொடுத்தாங்க. கோச் ரெண்டு நாள் வேர்க்க வேர்க்க ஊதினாங்க. ஒரு பந்தும் அசையல.

"யம்மா, ஊதக்கூடாது. உறிஞ்சணும்"ன்னாங்க நர்ஸ்.

"முப்பது வருசமா மூச்சை வெளிய விட்டுத்தான் பொழச்சேன் தாயி. உள்ள இழுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்ல."

பன்னெண்டாம் நாள் மூணு பந்தும் ஏறி நின்னுச்சு. ரத்தமும் நின்னு, ட்யூபை எடுத்தாச்சு. வார்டு முழுக்க ஜாங்கிரி கொடுக்கச் சொன்னாங்க கோச்.

பெல்சி வாங்கிட்டு வந்த ஜாங்கிரி டப்பாவைத் திறக்கல.

"நோய் உள்ளதான் இருக்காம் கோச். முழுசாப் போகாதாம். எதை ஜெயிச்சோம்னு ஜாங்கிரி?"

நர்ஸ் வச்சுட்டுப் போன பிளாஸ்டர்ல ஒரு முழம் கிழிச்சுத் தரையில நடுக்கோடா ஒட்டச் சொன்னாங்க கோச்.

"அந்தப் பக்கம் நில்லு. பாடி வாரேன், பிடி."

"தையல் பிரிஞ்சிரும்."

"மெதுவாப் பிடி. ஆனா பிடி."

கபடி கபடின்னு நாலே எட்டு. பெல்சி தோளைத் தொட்டாங்க. திரும்பறதுக்குள்ள பெல்சி அவங்க மணிக்கட்டைப் பிடிச்சுட்டா. மூச்சு அந்தா இந்தான்னு இழுக்குது. பாட்டு நிக்கல. காலைப் பின்னால நீட்டி, பெருவிரல் நுனியால பிளாஸ்டரைத் தொட்டுட்டாங்க.

பக்கத்துக் கட்டில் அம்மா கை தட்டினாங்க.

கோச் உக்காந்து மூச்சு வாங்கினாங்க.

"பாயிண்ட் யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"உன் பக்கம் ஏழு பேருல இன்னும் ஆறு பேரு நிக்காளுவளே."

பெல்சி ஜாங்கிரி டப்பாவைப் பாத்தா.

"அவளுவளை அடுத்த ரெய்டுல பாத்துக்கிடுதேன். நீ ஜாங்கிரியைக் குடுட்டி."