எந்தக் கம்பெனி சிடியை நம்பலாம்?

சத்தியம். இதில் ஒரு சொல் பொய் என்றால் என் வாயில் மிச்சம் இருக்கிற இரண்டு பல்லும் இப்போதே உதிரட்டும்.

பொதிகை அடிவாரத்தில் ஒரு மடம். அங்கே சடையாண்டிச் சாமி. அவர் கோபித்தால் அடுப்பு மூட்டாமலே உலை கொதிக்கும். தொட்டுப் பார்த்திருக்கிறேன், விரல் சுட்டது.

சீடர் மாசிலாமணி குருவைவிட வயதில் மூத்தவர். முன்பு கல்யாண வீடியோ எடுத்தவர் என்பதால் மடத்துப் பஜனையைப் பதிவு செய்கிற வேலை அவருக்கு.

பஜனையில் பாடிய பையன் திருமலைக்கொழுந்து காய்ச்சலில் போய்விட்டான். அவன் குரல் உலகத்திலேயே மடத்துக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதுவும் சாகக் கிடந்தது.

மாசிலாமணி மூன்று கம்பெனி பிளாங்க் சிடி வாங்கினார். மூன்றிலும் அவன் பாட்டை ஏற்றி, எது உழைக்கும் என்று சோதித்தார். வெயிலில் காயப்போட்டார். அருவியில் நனைத்தார். கோயில் யானையை அவற்றின்மேல் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றது. தங்க நிறச் சிடி மட்டும் கீறல்கூட விழாமல் கிடந்தது. அந்தக் கம்பெனியிலேயே இன்னும் சில பிரதிகள் எடுத்துப் பூஜை அறையில் வைத்தார். கம்ப்யூட்டர் கண்ணை மூடியது.

பையனின் தலைத்திவசத்தன்று அவன் அம்மா இசக்கியம்மாள் மடத்துக்கு வந்தாள். அவன் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் படையல் போடுவேன் என்று பிளேயர் முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் சிடி கர்ரென்று சுற்றி நின்றது. அடுத்ததும் அப்படியே. எல்லாமே அப்படியே. மாசிலாமணி கம்பெனிக்காரனைத் திட்டினார், கடைக்காரனைத் திட்டினார், கடைக்காரனின் ஸ்கூட்டரையும் திட்டினார்.

இசக்கியம்மாள் அசையவில்லை. "கம்பெனிய வையிறத அப்புறம் வச்சிக்கிடுங்க. எம் புள்ள சத்தம் இருக்கா, இல்லையா?"

மாசிலாமணி குருவிடம் ஓடினார். "இனி எந்தக் கம்பெனியத்தான் நம்புறது சாமி?"

சாமி வந்தார். சிடியை வாங்கித் திருப்பினார். பிளேயர் படிக்கிற, பளபளக்கிற பக்கத்தில் சந்தனம் காய்ந்து பாறையாய் ஒட்டியிருந்தது. அதன்மேல் குங்குமம். பழசைச் சுரண்டிப் புதுசு வைத்ததில் சுற்றிலும் நகக்கீறல்.

"இது என்னவே?"

"வெள்ளிக்கிழமைப் பொட்டு சாமி. பளபளன்னு இருக்கிற பக்கந்தான முகம்."

சாமியின் கண் சிவந்தது. விடுவிடுவென்று தோட்டத்துக்குப் போனார். சோதனையில் தோற்ற மலிவுச் சிடி ஒன்றைக் கிளி விரட்டக் கொய்யா மரத்தில் மாசிலாமணி கட்டித் தொங்கவிட்டிருந்தார். சாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். குழாயில் கழுவி, வேட்டி நுனியில் துடைத்து, பிளேயரில் போட்டார்.

இரண்டு முறை திக்கிற்று. பிறகு திருமலைக்கொழுந்து பாடினான். வெளியே கிளிகள் அடுத்த அடியை முந்திக்கொண்டு பாடின. நான் காதால் கேட்டேன்.

இசக்கியம்மாள் பிளேயர்மேல் கை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிந்ததும், இன்னொரு தடவை என்றாள்.

அதற்குள் மாசிலாமணி சிடியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்தக் கம்பெனிதான், இனி இது ஒன்றுதான் என்று அழுதபடி சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டார்.

சாமி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதையும் கும்பிட்டே கொல்லணுமாவே?"

மாசிலாமணி விரலில் இருந்த சந்தனத்தைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டார்.

இந்தக் கதையைச் சொன்னது யார் என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். மாசிலாமணி இப்போதும் மடத்தில் என் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.