நத்தைக்கு வைத்த எலுமிச்சம்பழம்

அந்தக் காலத்தில் கார் எஞ்சின்களும் வாய் திறந்து பேசின. ரொம்பப் பழைய காலம் என்று நினைத்துவிடாதீர்கள். மலைக்குத் தார் ரோடு போட்ட பிறகு நடந்ததுதான். எல்லா எஞ்சினுக்குள்ளும் நான்கு அண்ணன் தம்பிகள் குடியிருந்தார்கள். மூத்தவனும் கடைசித் தம்பியும் சேர்ந்து மேலே ஏறினால், நடுவில் உள்ள இருவரும் சேர்ந்து கீழே இறங்குவார்கள். இப்படி ஜோடி ஜோடியாக ஆடியதால் வண்டி குலுங்காது. சாப்பாட்டில் மட்டும் நால்வரும் சூரர்கள். குடித்த பெட்ரோலில் பாதிச் சூட்டைப் புகையாகப் பின்னால் ஊதித் தள்ளிவிட்டு, இன்னும் கொண்டா என்பார்கள்.

பாவாயி அப்படி ஒரு காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் சேதி வந்தது. மலையுச்சியில் வாழ்க்கைப்பட்ட தங்கை செல்லாயியின் மகளைப் பாம்பு கடித்துவிட்டது. மேலே வைத்தியர் இருக்கிறார், மருந்து இல்லை. பாவாயி டவுனுக்குப் பறந்து விஷமுறிவு மருந்தை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு அடிவாரம் வந்து சேர்ந்தாள். மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். உச்சி வெயிலுக்குள் மருந்து போய்ச் சேராவிட்டால் பிள்ளை பிழைக்காது.

மலையேறும் முன் அடிவாரக் கோயிலில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது வழக்கம். அண்ணன் தம்பிகளைக் கேட்டால், அது சக்கரத்துக்கு வைத்ததே இல்லை, ஆளுக்கொன்றாகத் தங்களுக்கு வைத்த மரியாதை என்பார்கள். அன்றைக்கு அவசரத்தில் பாவாயி கையில் இருந்தது மூன்றே பழம்.

"அக்கா, என்ர பழம் எங்கீங்க?" என்றான் கடைசித் தம்பி.

"மூணுதான் கண்ணு இருக்குது. எறங்கி வர்றப்ப உனக்கு ரெண்டா வெக்கறேன். அங்க புள்ள கெடக்குதுடா, கெளம்பு."

"எப்பப் பாத்தாலும் நாந்தான் இளிச்சவாயனா? மரியாத இல்லாத எடத்துல எனக்கென்ன வேல?" என்று அவன் குதித்து இறங்கி, புளியமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூத்தவன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். பயல் திரும்பவே இல்லை.

மூன்று பேரோடு வண்டி கிளம்பியது. ஜோடி போன மூத்தவன் தடுமாறினான், வண்டி நடுங்கியது. எட்டாவது வளைவில் மூச்சு முட்டி, ஊற்று ஓரமாக நின்றே போனது. பாவாயி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு பழத்துக்காகப் பிள்ளையைக் கொன்றுவிட்டேனே என்று புலம்பினாள்.

"அக்கா, நானு வரட்டுங்களா?"

குனிந்து பார்த்தாள். ஊற்றுப் பாசியில் ஒரு நத்தை.

"நீயா?" என்று நடுவில் உள்ள இருவரில் ஒருவன் சிரித்துவிட்டான். "நீ ஊந்து வர்றதுக்குள்ள அடுத்த ஆடியே வந்துரும்."

"நாளெல்லாம் இந்த வளைவுல ஒக்காந்து பாக்கறேன். தின்ன சூட்டப் பொகையோட வீசிட்டுப் போறீங்க. அந்தப் பொகைய எனக்குக் குடுங்க, மூச்ச நான் குடுக்கறேன்."

"சுடுமே சாமி" என்றாள் பாவாயி.

"சுடுமுங்க. ஏறுங்க, நேரமாச்சு."

நத்தை புகைக் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொண்டு ஓட்டுக்குள் சுருண்டது. பாவாயி சாவியைத் திருகி எஞ்சினை எழுப்பி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. என்ன இருந்தாலும் நத்தைதானே! ஒரு கணம் போனது. பிறகு புகை ஓட்டின் சுழிக்குள் புகுந்து சுழல ஆரம்பித்தது. அந்தச் சுழற்சியில் நத்தை மறுபக்கம் மலைக்காற்றை உறிஞ்சி, மூன்று பேர் வாயிலும் திணி திணி என்று திணித்தது. ஓடு பழுத்துச் சிவந்தது. உய்ங் என்று ஒரு விசில் கிளம்பியது. கார் எகிறியது பாருங்கள்! முன்னால் போன பெரிய பெரிய வண்டியெல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. மூன்று பேர் ஐந்து பேரின் வேலையைச் செய்தார்கள், இரண்டு பேரின் சாப்பாட்டில். சிரித்தவனே அந்த விசிலுக்குத் தாளம் போட்டான்.

சூரியன் தலைக்கு மேல் வருவதற்குள் வண்டி உச்சியைத் தொட்டது. ஓடிவந்த செல்லாயியின் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, பாவாயி சாவியைத் திருகி அணைக்கப் போனாள்.

"ஒடனே அமத்தீராதீங்க" என்றது உள்ளிருந்து மெல்லிய குரல். "ஓடு தீயா இருக்குது. ஒரு நிமிஷம்... மூச்சு வாங்கிக்கறேன்."

பிள்ளையைப் பார்க்கக் கால் பறந்தது பாவாயிக்கு. ஆனாலும் எழவில்லை. சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வண்டி நடுங்கிக்கொண்டே மெதுவாக ஓடியது. அப்போது வைத்தியர் வீட்டிலிருந்து, ஊசி குத்திய வலியில் பிள்ளை வீலென்று கத்தும் சத்தம் கேட்டது. அவ்வளவு இனிப்பான அழுகையை அவள் அதுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பினாள்.

மறுநாள் இறங்கும்போது, சொன்ன வாக்குக்குப் புளியமரத்தடியில் இரண்டு பழம் வைத்தாள். கடைசித் தம்பி அங்கே இல்லை. ஏதோ பெரிய காரில் தொற்றிக்கொண்டு போய்விட்டான். அடுத்த முறை மலையேறும்போது நான்காவது சக்கரத்துப் பழம் நத்தைக்கு என்று ஆனது.

அன்று முதல்தான் சின்னக் கார்களின் எஞ்சினில் மூன்று பேர் மட்டும் இருக்கிறார்கள். சிக்னலில் நிற்கும்போது லேசாக நடுங்குகிறதே, அது மூத்தவன் இன்னும் தம்பியைத் தேடுவது. மிதித்ததும் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பாய்கிறதே, அது நத்தை. மெக்கானிக்குகள் அதற்கு டர்போ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அன்று முதல்தான், மலையேறி வந்த வண்டியை விஷயம் தெரிந்தவர்கள் உடனே அணைப்பதில்லை. வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாலும், சாவியைத் தொடாமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார்கள்.