அஞ்சாவது ரூல் யாரு?

"அம்மிணி, நகராட்சி குடுத்த பதினோரு ரூலையும் மனப்பாடம் பண்ணிட்டேனுங்க. இன்னும் லைசென்ஸ் வரலை!"

நல்லசிவம் ஃபைலை அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஜெசிந்தா வீட்டு வாசல்ல நின்னாரு.

திருப்பூர்ல இருந்த பனியன் பட்டறையை வித்து, இந்த மலை ஊர்ல நாலு ரூம் வீடு ஒண்ணு வாங்கியிருக்காரு மனுஷன். ஹோம்ஸ்டேன்னு டூரிஸ்ட்டுங்களுக்கு நாள் வாடகைக்கு விடணும். மே மாசம் பூரா புக்கிங் ஆயிடுச்சு. நாளைக்குள்ள லைசென்ஸ் இல்லேன்னா நகராட்சி வந்து சீல் வெச்சிடும்.

பாக்கி ஒரே ஒரு கையெழுத்து. எதிர்வீட்டு தாவூத் பாயோடது. "ஆட்சேபணை இல்லை"ன்னு. மூணு தடவை கேட்டும் பாய் போடலை.

ஜெசிந்தாவுக்கு இவரை விட பதினஞ்சு வயசு கம்மி. ஆனா ஊர்ல யாரு ஹோம்ஸ்டே ஆரம்பிச்சாலும் மொதல்ல அவகிட்டதான் வந்து நிப்பாங்க.

அவ ஈர பெட்ஷீட்டைப் பிழிஞ்சிட்டு இருந்தா.

"அந்த முனையைப் பிடிங்கண்ணே."

"ஃபைல் நனைஞ்சிடுமுங்க."

"சரி. ரூல் அஞ்சு?"

"விருந்தாளிங்க வண்டி சந்துல நிக்கக்கூடாது!" டக்குனு வந்துச்சு பதில்.

"அது யாரு?"

"யாருன்னா... ரூலுங்க."

"ஒன்பது?"

"ராத்திரி பத்துக்கு மேல பாட்டு கூடாது."

"அது யாரு?"

ஃபைலைப் பிரிச்சுத் தேடினாரு.

"பதினொண்ணுக்கும் பின்னால ஆள் இருக்குண்ணே. அஞ்சை மட்டுமாவது பாத்துட்டு வாங்க."

நேரா நகராட்சி ஆபீசுக்கு ஓடினாரு. அரை மணி நேரத்துல மூச்சு வாங்கத் திரும்பி வந்தாரு.

"புடிச்சிட்டேன்! அந்த ரூல்ல கையெழுத்து போட்ட ஆபீசர் பேரு..."

"அவரு உங்க சந்துலயா குடியிருக்காரு?"

அவ்ளோதான். அவ அடுத்த பெட்ஷீட்டை எடுத்துட்டா.

எரிச்சலோட வீட்டுக்கு நடந்தாரு நல்லசிவம். மூணு வாரமா காலையில ஆபீஸ் வாசலுக்குப் போனா சாயங்காலம்தான் திரும்புவாரு. பகல் பதினோரு மணிக்கு சொந்த சந்தைப் பாக்கறது அன்னைக்குதான் மொதல் தடவை.

சந்துல அவரோட கார் நின்னுது. விருந்தாளி வண்டிதானே கூடாது? இது ஓனர் வண்டியாச்சே!

காருக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுல தாவூத் பாய். முன்னால அவரு தம்பி, பின்னால அவரு சம்சாரம். தூக்கிட்டு ஒருக்களிச்சு ஒருக்களிச்சு வர்றாங்க.

"என்ன பாய், எங்க?"

"டயாலிசிஸ் சார். வாரம் ரெண்டு தடவை. முன்னெல்லாம் ஆட்டோ வாசலுக்கே வரும்." பாய் சிரிச்சாரு. "இப்ப மூணு வாரமா பல்லக்கு சவாரி!"

"இருங்க, சாவி எடுத்துட்டு வந்துடறேன்..."

"மெயின் ரோட்டுல ஆட்டோ நிக்குது சார். ஏற்கெனவே லேட்டு."

அந்தம்மா நாற்காலியைக் கீழ வெச்சு, பிடியை மாத்திப் பிடிச்சாங்க.

"விடுங்கம்மா"ன்னு நல்லசிவம் நாற்காலியைப் பிடிச்சுட்டாரு.

சாயங்காலம். ஜெசிந்தா கொடியில காஞ்சதையெல்லாம் எடுத்துட்டு இருந்தா.

"அஞ்சு யாரு?"

"தாவூத் பாய்ங்க."

"கார்?"

"காம்பவுண்டுக்குள்ள விட்டுட்டேனுங்க."

"கையெழுத்து?"

அக்குளைத் தொட்டுப் பாத்தாரு. ஃபைல் இல்ல.

"நாற்காலியைத் தூக்கறப்போ பாய் மடியில வெச்சேன் அம்மிணி. அப்படியே ஆட்டோவுல போயிடுச்சு."

ஜெசிந்தா பெட்ஷீட்டோட ஒரு முனையை நீட்டினா.

"கை சும்மாதானே இருக்கு, பிடிங்க. ஒன்பது யாரு?"